பெயரிடும் உரிமை யாருக்கு?



"இந்தியாவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று நம் பங்கிலுள்ள பள்ளிப் பிள்ளை ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். "வாஸ்கோ ட காமா" என்று மூச்சு விடாமல் பதில் வரும். "அமெரிக்காவை?" என்றால் "கொலம்பஸ்" என்பான். நாமும் நம் நாளில் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். பாடப் புத்தகம் எழுதினவர்கள் எச்சரிக்கையாக "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர்" என்று எழுதியிருப்பார்கள். ஆனால் "கடல்வழி" என்ற சொல் பாதி வழியிலேயே நழுவிப்போகிறது. "இந்தியாவைக் கண்டுபிடித்தவர்" என்பது மட்டும் நாவில் நின்றுவிடுகிறது.

இந்தச் சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். 1498-ம் ஆண்டு மே மாதம் காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தன. அவற்றை அரபிக் கடலில் வழிநடத்தி வந்தவர், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மலிந்தித் துறைமுகத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரு மாலுமி. அவருக்கு இந்தக் கடலும் இதன் பருவக்காற்றும் பழக்கமானவை. கரையில் இறங்கிய முதல் ஆளை எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். அவனுக்கு விளங்கும்படி ஸ்பானிய மொழியிலேயே பேசினார்கள் என்று அந்தப் பயணத்தில் உடன் வந்தவர் எழுதிய நாட்குறிப்புச் சொல்கிறது. ஆக, "கண்டுபிடிக்கப்பட்ட" ஊரிலே, கண்டுபிடிக்க வந்தவனோடு பேசத் தெரிந்தவர்கள் அவனுக்கு முன்னரே வந்து குடியிருந்தார்கள்!

அதே நாட்குறிப்பில் இன்னொரு சம்பவம். அவர்கள் அங்கே ஓர் இந்துக் கோயிலுக்குள் போனார்கள். அதைக் கிறிஸ்தவக் கோயில் என்று எண்ணி, உள்ளிருந்த உருவத்தைத் தேவமாதா என்று கருதி ஜெபித்தார்கள். சுவரில் நான்கும் ஐந்துமாகக் கரங்களோடு தீட்டியிருந்த உருவங்களைக் கண்டும் சந்தேகம் எழவில்லை. அவர்களைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. தெரியாத பொருளின்மேல் தெரிந்த பெயரை வைப்பது மனித சுபாவம். மனத்திலே பெயர் தயாராக இருக்கும்போது கண்ணுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. ஒருவன் தனக்குப் புதிதான ஒரு தேசத்தைக் காண்பதனால், அத்தேசத்தின்மேல் அவனுக்கு என்ன உரிமை உண்டாகிறது? அதற்குப் பெயர் வைக்கும் உரிமையாவது உண்டாகிறதா? இது சரித்திர ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வியென்று எண்ணவேண்டாம். மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வாழ்கிற நமக்கு இது வீட்டு வாசற்படிக் கேள்வி.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலில் "மலியார்பா" என்றோர் ஊர் வருகிறது. அது மயிலாப்பூரே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று இவ்வூர் விழாக்களை வரிசையாகச் சொல்கிறது. அது ஏழாம் நூற்றாண்டு. அப்போஸ்தலரான அர்ச். தோமையார் இங்கே வேதசாட்சியாய் மரித்து அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் முன்னோர் காத்துவந்த பாரம்பரியம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் குறித்துச் சொன்ன மார்க்கோ போலோ, அந்தக் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் முகமதியரும் யாத்திரை வந்ததாகக் கூறுகிறார்.

இத்தனை வயதான ஊருக்குத்தான் 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து "சாந்தோமே" என்று பெயரிட்டார்கள். 1523-ல் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார்கள், கோயிலைப் புதுப்பித்தார்கள், பின்னர் தங்கள் குடியிருப்பைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1606-ல் மயிலை மேற்றிராசனம் ஏற்பட்டது. நம் விசுவாச வாழ்வு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்நாட்களைப் பற்றிய மற்றொன்றையும் மறைக்கலாகாது. மயிலையின் பழைய கபாலீச்சுரம் கடலோரத்தில் இருந்தது என்பது மரபு. இன்று குளக்கரையில் நிற்கும் கோயில் பின்னர் எழுந்தது. பழைய கோயிலைச் சேர்ந்தவை என்று கருதப்படும் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அக்கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்றே வரலாற்றாசிரியர் பலர் எழுதுகிறார்கள். மாட வீதிகளில் அறுபத்துமூவர் விழா நடக்கும்போது நம் அண்டை வீட்டாரின் நினைவில் இதுவும் இருக்கிறது. நாம் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது முறையன்று. அர்ச். தோமையாரின் நாமத்தை ஊருக்குச் சூட்டியவர்கள், அவர் செய்யாத காரியங்களையும் செய்தார்கள். அப்போஸ்தலர் எந்த ஊருக்கும் தம் பெயரைத் தாமே வைத்ததாக எந்தப் பாரம்பரியமும் சொல்லவில்லை.

இனி, லஸ் கோயிலைப் பாருங்கள். கடலில் திசை தப்பித் தத்தளித்த மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து கரையேறி, அது மறைந்த இடத்தில் தேவமாதாவுக்குக் கோயில் எடுத்தார்கள் என்பது ஐதிகம். அங்குள்ள கல்வெட்டு 1516-ம் ஆண்டைக் குறிக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் ஒளிக்கு "லூஸ்" என்று பெயர். நம் வாயில் அது "லஸ்" ஆயிற்று. தமிழில் வேண்டிக்கொள்ளும் பக்தர்கள் "பிரகாச மாதா" என்கிறார்கள். ஊராரோ, சுற்றிலும் காடு மண்டியிருந்த காலத்தில் வைத்த பெயரால் "காட்டுக் கோயில்" என்கிறார்கள்.

ஒரு கோயிலுக்கு மூன்று பெயர்கள். கடலிலிருந்து பார்த்தவன் ஒளியைக் கண்டான். கரையிலிருந்து பார்த்தவன் காட்டைக் கண்டான். உள்ளே முழந்தாளிட்டவள் மாதாவைக் கண்டாள். மூன்றும் மெய், ஒன்றையொன்று தள்ளவில்லை. ஆகையால் முதலாவதாக நாம் அறியவேண்டியது இது: ஒரு பெயர், பெயரிட்டவன் எங்கே நின்று பார்த்தான் என்பதைச் சொல்கிறது. தான் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொல்ல எவனுக்கும் உரிமை உண்டு. தனக்கு முன் அங்கே நின்றவன் இல்லவே இல்லை என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை.

இந்த இரண்டாவது காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொலம்பஸின் வரலாறு சாட்சி. 1492-ம் ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி அவர் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஒரு தீவில் இறங்கினார். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் தீவைக் "குவானஹானி" என்று அழைத்தார்கள். அது அவருக்குத் தெரியும்; தாமே எழுதியும் வைத்தார். தெரிந்தும் "சான் சல்வதோர்", அதாவது "பரிசுத்த இரட்சகர்", என்று பெயரை மாற்றினார். தாம் இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாக எண்ணியதால் அம்மக்களை "இந்தியர்" என்றார். பிழை என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் சில நூற்றாண்டுகளுக்கு அவர்களைவிட்டு நீங்கவில்லை. அத்தீவுக் கூட்டத்து மக்கள் அடிமைகளாக வேறு தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் அத்தீவுகள் ஆளற்றுப் போயின. தீவுக்கு இரட்சகரின் நாமம் கிடைத்தது. தீவாருக்கு இரட்சணியம் கிடைக்கவில்லை. ஆண்டவருடைய நாமத்தை வீணாய்ப் பிரயோகிக்கலாகாது என்கிற கற்பனை, ஆணையிடுகிறவனுக்கு மட்டுமன்று, பூகோளப் படம் வரைகிறவனுக்கும் உரியது.

"வந்தவர்கள் தைரியசாலிகள் அல்லவா? அவர்களால் உலக அறிவு வளரவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறியாத கடலில் மரப்பலகையை நம்பிப் போனவர்களின் துணிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பூமியின் ஒரு பாகத்தார் மறுபாகத்தாரை அறிந்துகொண்டது பெரிய நன்மையே. புதியதைக் கண்டு வியப்பது பாவமில்லை. பாவம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. "நான் இப்போதுதான் கண்டேன்" என்பது மெய். "ஆகையால் இது இதுவரை யாருக்கும் சொந்தமில்லை" என்பது அந்த மெய்யிலிருந்து பிறக்காத முடிவு.

ஏழாம் கற்பனையைப் படிக்கும் சிறுவனுக்கே இது விளங்கும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் ஜன நெருக்கடியில் உங்கள் காலடியில் ஒரு தங்கச் சங்கிலி கிடக்கிறது. நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். அது உங்களுடையதா? கண்டெடுத்தவன் உடையவனைத் தேடவேண்டும் என்பது நம் போதனை. உடையவன் எதிரிலேயே, சங்கிலியைக் கழுத்தில் அணிந்துகொண்டே நிற்கும்போது, "நான் கண்டேன், ஆகையால் எனது" என்று சொல்கிறவனை என்னவென்று அழைப்பது?

இதையே 1539-ல் ஸ்பெயின் தேசத்துச் சலமான்கா சர்வகலாசாலையில், அர்ச். சாமிநாதர் சபைக் குருவாகிய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா தம் மாணாக்கருக்குப் போதித்தார். உடையவன் இல்லாத பொருள்தான் கண்டவனைச் சேரும். அந்தத் தேசங்களுக்கோ உடையவர்கள் இருந்தார்கள். ஆகையால், நாம் அவர்களைக் கண்டுபிடித்ததனால் நமக்கு உண்டாகும் உரிமை, அவர்கள் நம்மைக் கண்டுபிடித்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு உண்டாகியிருக்குமோ அவ்வளவுதான் என்பது அவருடைய வாதம். தம் சொந்த அரசரின் தேசத்திலிருந்துகொண்டே இதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1537-ல், மூன்றாம் சின்னப்பர் என்ற பாப்பரசர், அந்நாட்டு மக்கள் மெய்யான மனிதரே என்றும், அவர்கள் விசுவாசத்துக்குப் புறம்பாயிருந்தாலும் அவர்களுடைய சுதந்தரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்றும் சாசனம் விடுத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1493-ல் ஆறாம் அலெக்சாந்தர் பாப்பரசர் விடுத்த சாசனங்களை ஸ்பெயின் அரசர்கள் தங்களுக்குக் கிடைத்த பட்டாவாகவே வைத்துக்கொண்டார்கள். "கண்டவனுக்கு உரிமை" என்ற கோட்பாடு பிற்கால நீதிமன்றங்களிலும் ஏறியது. 1823-ல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படையாக வைத்துத் தீர்ப்பளித்தது. 2023-ம் ஆண்டு மார்ச் 30-ம் தேதி வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, அந்தக் கோட்பாடு திருச்சபையின் போதனையன்று என்று சொல்லி அதைப் பகிரங்கமாகத் தள்ளிவிட்டது. தாமதமாக வந்த சொல். ஆனாலும் வரவேண்டிய சொல்.

"நிலத்தைப் பறித்தது தவறுதான். பெயர் வெறும் சத்தந்தானே? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று இன்னொருவர் சொல்லக்கூடும். அவருக்கு நம் சொந்தக் கதையைச் சொல்வேன். மேலைக் கரையில் முதலில் இறங்கிய ஐரோப்பியர், அங்கே கேட்ட "மலபார்" என்ற பெயரைத் தமிழருக்கும் தமிழுக்கும் சேர்த்தே வைத்தார்கள். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1713-ல் நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் நாம் "மலபாரிகள்" ஆனோம். இலங்கையில் ஆங்கிலேயரின் பழைய ஆவணங்களிலும் தமிழர் மலபார்களே. 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாய் ரெயூனியன் தீவுக்குப் போன தமிழரின் சந்ததியார் இன்றளவும் அங்கே "மல்பார்" என்றே அழைக்கப்படுகிறார்கள். கொலம்பஸின் பிழை அந்தத் தீவாரைத் தொடர்ந்தது போலவே இந்தப் பிழை நம்மைத் தொடர்ந்தது. தன் பெயரைத் தன்னிடம் கேளாமலே எழுதிவிட்ட ஏட்டில் ஒருவன் தன்னைத் தேடினால் எப்படிக் கண்டுகொள்வான்?

வந்தவர் எல்லாரும் ஒரே மாதிரியல்லர் என்பதற்கும் நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. சேசு சபைக் குருவாகிய ஹென்ரிக்கஸ், 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அதன் முகப்பில் போர்த்துக்கீசிய மொழியில் "மலபார்" என்றும், அதன் அருகிலேயே "தமிழ்" என்றும் இருக்கிறது. பிறர் வைத்த பெயருக்குப் பக்கத்தில் நாம் சொல்லும் பெயருக்கும் அவர் இடம் கொடுத்தார். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி சுவாமியாரோ இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழர் எந்தப் பொருளை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பயின்றவர், பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதியாய் 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார்.  இந்த ஊரார் அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் வைத்த சிலையின் கீழே "வீரமாமுனிவர்" என்றே காண்கிறோம். அவரும் தமக்குப் புதிதான தேசத்தைக் கண்டவர்தான். அவர் கண்டதனால் யாரும் எதையும் இழக்கவில்லை.

ஆதியாகமத்தில் சர்வேசுரன் மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவந்து பெயரிடச் செய்தார் அன்றோ என்று வேதம் வாசித்தவர்கள் கேட்பார்கள். மெய்தான். அவை வாய் பேசாத பிராணிகள். மனிதனோ தன் பெயரைத் தானே சொல்லக்கூடியவன். பேசும் வாயுள்ளவனைக் கேளாமல் பெயரிடுகிறவன், அவனைப் பேசாத பிராணிகளின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறான். ஞானஸ்நானம் கொடுக்கும் குருவானவர் கோயில் வாசலில் முதன்முதல் செய்வது என்ன? குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்பது! தேவதிரவிய அநுமானத்தை நிறைவேற்றுகிறவரே கேட்காமல் பெயரைச் சொல்வதில்லை என்றால், பீரங்கியோடு வந்த கப்பல் தலைவனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வரும்?

அப்படியானால் அந்நியர் வைத்த பெயர்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுவோமா? அவசரம் வேண்டாம். நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் ஜனங்களின் வாயில் புழங்கிய பெயர் ஜனங்களுடையதே. "லஸ்" இன்று எந்த லிஸ்பன் நகரத்தானுக்கும் சொந்தமில்லை. காய்கறி வாங்க வருகிறவர்களுக்குச் சொந்தம். 1996-ல் நகரத்தின் பெயர் எல்லா மொழிகளிலும் சென்னை என்றானபோது, தமிழர் வீட்டில் எப்போதும் சொல்லிவந்த பெயரே பலகையில் ஏறியது. யாரும் புதிதாய் ஒன்றைக் கற்க வேண்டியிருக்கவில்லை. பலகையில் மாற்றுவதும் மாற்றாததும் ஊரார் கூடித் தீர்மானிக்கும் காரியம். அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டார்களா என்பது ஒன்றே நீதியின் அளவுகோல்.

நிற்க. கொலம்பஸையும் காமாவையும் குறை சொல்வது சுலபம். அவர்கள் மரித்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் தெருமுனையில் இரவெல்லாம் காவல் இருக்கிற மனிதர் எந்த மலையிலிருந்து வந்தவரானாலும் அவர் நமக்கு "கூர்க்கா". அடகுக் கடை வைத்திருப்பவர் எந்த ஊராரானாலும் "சேட்டு". அடையாற்றில் அடுக்குமாடி கட்டுவதற்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் உறங்குகிற இளைஞர் அனைவரும் "வடக்கன்". பத்து வருஷமாக நம் பாத்திரத்தைத் துலக்குகிற அம்மாள் "வேலைக்காரி". இவர்களில் ஒருவருக்கும் தாய் வைத்த பெயர் இல்லையா? கேட்டால் சொல்லமாட்டார்களா?

நிலத்திலும் அப்படியே. பெசன்ட் நகரில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் எலியட்ஸ் கடற்கரை என்று நாம் அழைக்கும் மணல், ஊரூர்க் குப்பத்து மீனவர்களின் கடலோரத்தைச் சேர்ந்தது. சாந்தோமுக்கு அருகே நொச்சிக்குப்பத்தாரின் கரையும் அப்படியே. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிற ஜனங்களுக்குத் தங்கள் கரைக்குப் பெயர் தெரியாமலா இருக்கும்? ஆனால் வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற இடம், மாலையில் உலாவப் போகும் நம் கண்ணுக்குக் "காலி இடம்". பதிவேட்டிலோ கடலோர மணல் "புறம்போக்கு". ஓர் இடத்தைக் காலி என்று அழைத்துவிட்டால், அங்கே இருப்பவனை அப்புறப்படுத்துவது குற்றமாகத் தோன்றாது. குவானஹானியில் நடந்ததும் இவ்விதமே தொடங்கிற்று.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை மதலேன் மரியம்மாள் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவர் அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்த பிறகே அவரை அறிந்துகொண்டாள். சகலத்தையும் படைத்தவர், அந்த வேளையில் அவளுக்குப் புதுப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. அவளுக்கு இருந்த பெயரையே சொன்னார்.

ஆகையால், வாசகரே, இந்த வாரத்துக்கு ஒரு சிறு தீர்மானம் செய்துகொள்வோம். நாள்தோறும் பார்த்தும் பெயர் அறியாத ஒருவரிடம் போய் அவர் பெயரைக் கேளுங்கள். சரியாகச் சொல்ல வரவில்லையென்றால் இரண்டாம் முறையும் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. பிறகு அவருடைய ஊரையும் கேளுங்கள். அவர் அதை எந்தப் பெயரால் சொல்கிறாரோ, அந்தப் பெயராலேயே நீங்களும் சொல்லுங்கள்.